கொச்சிக் கால்: கிணற்று நீர் சுமந்த பழி

யானைக்கால் நோய்க்கு ஐரோப்பியர் வழங்கிய பெயர்களில் ஒன்று ‘கொச்சிக் கால்’. மிளகுக்காகக் கப்பலேறி வந்தவர்கள் கொச்சிக் கரையில் வீங்கிய கால்களைக் கண்டு மிரண்டார்கள். 1580களில் கோவாவில் இருந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன், புனித தோமாவைக் கொன்றவர்களின் வழித்தோன்றல்களுக்கு வந்த சாபம் இது என்ற கதையைத் தம் நூலில் எழுதிவைத்தார்.

சாபக் கதைக்குப் பிறகு பழி தண்ணீர் மேல் விழுந்தது. டச்சுக்காரர்கள் 1663இல் கொச்சியைப் பிடித்தார்கள். கோட்டையில் வசதி உள்ளவர்கள் உள்ளூர்க் கிணற்றைத் தொடாமல், ஆற்று நீரைப் படகில் வரவழைத்துக் குடித்தார்கள். கொச்சித் தண்ணீர் காலை வீங்கவைக்கும் என்று மாலுமி அலெக்சாண்டர் ஹாமில்டன் 1727இல் வெளிவந்த தம் பயணநூலில் பதிவு செய்தார். இது மூடநம்பிக்கை அல்ல. கண்ணால் பார்த்ததிலிருந்து எழுந்த ஊகம்; சோதித்துப் பார்க்கத் தகுந்த ஊகம்.

சோதிக்கும் கருவியை லண்டனில் கார்ல் பியர்சன் 1900இல் வெளியிட்டார். இன்று கல்லூரிப் பாடமாக இருக்கும் கை-வர்க்கச் சோதனை அது. கொச்சியின் ஊகத்தையே அதில் இட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. கிணற்று நீர் குடிக்கும் 100 பேரில் 30 பேருக்குக் கால் வீக்கம்; ஆற்று நீர் குடிக்கும் 100 பேரில் 10 பேருக்கு. மொத்தம் 200 பேரில் 40 நோயாளிகள். தண்ணீருக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லையென்றால் இரு பக்கமும் 20 நோயாளிகளும் நலமுள்ள 80 பேரும் இருக்க வேண்டும். இவற்றை இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் எழுதினால், ஒவ்வொரு கட்டத்திலும் கண்டதற்கும் எதிர்பார்த்ததற்கும் வேறுபாடு 10. அதன் வர்க்கம் 100. அதை எதிர்பார்த்த எண்ணால் வகுத்தால் 5, 5, 1.25, 1.25. கூட்டினால் 12.5.

இந்த எண் எவ்வளவு பெரியது? இங்கே பியர்சனே சறுக்கினார். இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் மூன்று கட்டங்கள் தம் இஷ்டத்துக்கு மாறலாம் என்று அவர் கணக்கு வைத்தார். ஓரக் கூட்டுத்தொகைகள் முடிவாகிவிட்டால் ஒரே ஒரு கட்டம்தான் மாற முடியும், மற்றவை தாமே நிரம்பிவிடும் என்று 1922இல் ரொனால்ட் ஃபிஷர் திருத்தினார். அதன்படி, தொடர்பே இல்லாத நிலையில் இந்த எண் 3.84ஐத் தாண்டும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துதான். 12.5ஐத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம்.

அப்படியானால் தண்ணீர்தான் குற்றவாளியா? இல்லை.

கல்கத்தாவில் டிமத்தி லூயிஸ் 1872இல் நோயாளிகளின் இரத்தத்தில் நுண்ணிய புழுக்களைக் கண்டார். சீனத்தின் அமோய் துறைமுகத்தில் பாட்ரிக் மேன்சன், அந்தப் புழு கொசுவின் உடலில் வளர்வதை 1877இல் கண்டுபிடித்தார். ஆனால் கொசு செத்து விழுந்த தண்ணீரைக் குடிப்பதால்தான் மனிதருக்குத் தொற்றுகிறது என்றே அவரும் கருதினார். கொசுவின் ஊசிவாயிலேயே புழு இருப்பதை ஜார்ஜ் லோ காட்டிய பிறகுதான் தண்ணீர் மீதான பழி கழன்றது. பியர்சனின் கட்டுரை வந்த அதே 1900ஆம் ஆண்டு அது.

கொச்சியின் அட்டவணை எங்கே ஏமாற்றியிருக்கும் என்று இப்போது தெரிகிறது. படகில் நீர் தருவிக்கப் பணம் உள்ளவருக்கே ஓடையைவிட்டுத் தள்ளி வீடு கட்டவும், கொசுவலைக்குள் படுக்கவும் வசதி வாய்த்திருக்கும். கிணற்றை நம்பியவர் சாக்கடையோரத்தில் கொசுக்கடியோடு உறங்கியிருப்பார். மட்டாஞ்சேரி போன்ற நெருக்கமான பகுதிகளில் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு அழுக்கு நீரில்தான் பெருகுகிறது. எனவே கிணற்று நீருக்கும் நோய்க்கும் தொடர்பு இருந்திருக்கலாம். ஆனால் அது காரணத் தொடர்பு அல்ல. ஓடையோர வீடுகளுக்கு ஓர் அட்டவணை, தள்ளியிருந்த வீடுகளுக்கு ஓர் அட்டவணை என்று பிரித்துப் போட்டிருந்தால் அந்தத் தொடர்பு தேய்ந்திருக்கும்.

கொச்சிக்குத் தெற்கே சேர்த்தலையில் கதை வேறு. திருவிதாங்கூரின் யானைக்கால் நோய் பற்றி எம். ஓ. டி. ஐயங்கார் 1938இல் வெளியிட்ட ஆய்வு, எதை எதனுடன் இணைக்க வேண்டும் என்பதற்கு நல்ல பாடம். அங்கே நோயைக் கடத்துவது மான்சோனியா கொசு. அந்தக் கொசுவின் இளம்புழுக்கள் மூச்சுவிட நீர்ப்பரப்புக்கு வருவதில்லை. குளங்களில் முட்டைக்கோசு போல மிதக்கும் ஆகாயத்தாமரையின் வேரில் மூச்சுக்குழலைச் செருகிக் காற்றை உறிஞ்சுகின்றன. செடியை அகற்றினால் கொசு பெருக வழியில்லை. இங்கே தொடர்பும் தெரிந்தது, அது இயங்கும் வழியும் தெரிந்தது. செடியை அகற்றுவதே தடுப்புமுறை ஆயிற்று. 1980களில் புதுச்சேரி நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆய்வு மையம் சேர்த்தலைக் குளங்களில் செடியை நீக்கி மீன் வளர்க்க மக்களை ஊக்குவித்ததும் இந்த அறிவின் பலத்தில்தான்.

இன்று கணினி ஒரு நொடியில் கை-வர்க்க எண்ணைத் தந்துவிடுகிறது, 3.84ஐத் தாண்டியதும் ஆய்வேடு முடிந்ததாகப் பல மாணவர்கள் நினைக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இரண்டு மாறிகளையும் சேர்த்து இழுக்கும் மூன்றாவது காரணம் எது என்று தேடிய கதையையும் ஒரு பக்கம் எழுதிச் சேருங்கள். வழிகாட்டும் ஆசிரியர்கள் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.