கோல்ஃப் மட்டை வடிவமைப்பு

கோல்ஃப் மட்டைகளுள் 'அயர்ன்' எனப்படும் உலோகத்தலை மட்டைகளிலேயே ஆட்டத்திறனுக்கேற்ற வடிவமைப்பு வேறுபாடு மிகத் தெளிவாகப் புலப்படுகிறது. தேர்ந்தோர் பலர் விரும்பும் 'பிளேடு' வகையின் தலை சிறியது. அதன் எடை, பந்து படும் நடுப்பகுதிக்குப் பின்னால் திரண்டிருப்பதால், பந்தின் போக்கை நுட்பமாக வளைக்க அது இடந்தருகிறது. எனினும் பந்து நடுவிலிருந்து சற்றே விலகிப் பட்டாலும் தலை திருகிக்கொள்ள, தூரமும் திசையும் கெடுவதோடு அதிர்வு விரல்களில் சுள்ளென்று உறைக்கும்.

நார்வேயில் 1911இல் பிறந்து அமெரிக்காவில் பொறியாளராகப் பணியாற்றிய கார்ஸ்டன் சோல்ஹைம், பந்தைக் குழிக்குள் உருட்டும் 'பட்டர்' மட்டையில் எடையை இரு முனைகளுக்கும் பிரித்து வைத்து 1959இல் 'பிங்' மட்டையை உருவாக்கினார். அதே நெறியைப் பின்னர் அயர்ன் மட்டைகளுக்கும் விரித்து, தலையின் பின்புறத்தைக் குடைந்து எடையை விளிம்புகளுக்கு நகர்த்தியபோது, திருகலை எதிர்க்கும் பண்பாகிய நிலைமத் திருப்புத்திறன் கூடி, பிசகிய அடியும் ஓரளவு நேராகச் சென்றது. புதியவர்களை இவ்வாட்டத்தில் நிலைக்கச் செய்த மாற்றங்களுள் இதற்கு ஈடானது அரிது. குடைந்த மட்டை கற்போருக்கு மட்டுமே உரியது என்னும் எண்ணம் பிழையானது. தொழில்முறை ஆட்டக்காரரும் அதனைக் கையாளுகின்றனர்.

நெடுந்தூர அடிக்குரிய 'டிரைவர்' தலையும் திருகலை எதிர்க்கும் இதே நோக்கத்தால் பெருத்தது. விதிகள் அதன் கொள்ளளவை 460 கன சென்டிமீட்டருக்குள் கட்டுப்படுத்துகின்றன. தலையைப் போலவே தண்டும் ஆட்டக்காரருக்கேற்ப வேறுபடும்: மட்டையை மெதுவாக வீசுவோருக்கு எடை குறைந்த, வளைந்துகொடுக்கும் கிராஃபைட் தண்டு பொருந்தும்.