அடங்காத பிள்ளையின் வரலாறு

பழவேற்காட்டுக் குப்பம் ஒன்றில் வாத்தியார் ஒரு பையனைக் காட்டி, ‘ஒரு இடத்துல உக்கார மாட்டான் சார், படிப்பு ஏறாது’ என்றார். ஃபூக்கோ படித்த தெம்பில் நான், ‘நோய் அவனுக்கில்லை, பள்ளிக்கூடத்துக்குத்தான்’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்தேன்.

அது அரை உண்மைதான். 1902இல் லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் இத்தகைய பிள்ளைகளிடம் கண்டது ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை. 1937இல் அமெரிக்காவில் சார்லஸ் பிராட்லி பென்செட்ரின் கொடுத்தபோது பல பிள்ளைகளின் படிப்பு மேம்பட்டது. 1980இல் அமெரிக்க மனநலக் கையேடு கவனக்குறையை முன்னிறுத்தியது. ஏடிஎச்டி என்ற பெயர் 1987இல் வந்தது. பழி குணத்திலிருந்து மூளைக்கு நகர்ந்தது. ‘திமிரு’ என்று அடிபட்டவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

2013ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே, இரண்டு சூழல்களிலாவது தெரிய வேண்டும். ஆக, வகுப்பறை மட்டும் சாட்சியாகாது. ஏரியில் ‘பாடு’ முறைப்படி வலை கட்டும் அப்பாவிடமும் கேட்டாக வேண்டும்: படகில் இவன் எப்படி? அங்கும் தவிக்கிறான் என்றால் பெற்றோருக்கான பயிற்சியும் பள்ளியின் அனுசரணையும், தேவைப்பட்டால் மருந்தும் அவனுடைய உரிமை. அங்கே நிதானமாக இருக்கிறான் என்றால் வகுப்பறையைத்தான் விசாரிக்க வேண்டும்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஏடிஎச்டி தனியாக இல்லை.

அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. வாத்தியாரின் வசவும் என் கோட்பாடும் ஒரே வேலையைத்தான் செய்தன: இரண்டுமே அவனை டாக்டரிடம் அனுப்பவில்லை.