மான்டோன்: காத்து வாங்க வந்தவங்க கட்டின ஊர்

ஐரோப்பாவுல கடற்கரைன்னா நமக்கு ஞாபகம் வர்றது கோடை வெயில், மணல்ல வரிசையா குடை, கூட்டம். ஆனா தெற்கு பிரான்ஸின் ரிவியேரா கரைக்கு அந்தக் கோடைக் கூட்டம் வர ஆரம்பித்தது 1920-களில்தான். அதற்கு முன்பு அங்கே சீசன் என்றால் குளிர்காலம். அக்டோபர், நவம்பர்ல ஓட்டல்காரங்க கதவைத் திறப்பாங்க. ஏப்ரல், மே வந்தா பூட்டிட்டுக் கிளம்பிடுவாங்க. வெயில் காலத்துல அங்க இருக்கறது உடம்புக்கு ஆகாதுன்னு நம்பிய காலம்!

அந்தக் கரையின் கிழக்குக் கோடியில், இத்தாலி எல்லையை ஒட்டி இருக்கிற ஊர் மான்டோன். மற்ற ஊர்களுக்குப் பணக்காரர்கள் பொழுதுபோக்க வந்தார்கள். இங்கே வந்தவர்களில் நிறைய பேர் காசநோய்க்காரர்கள்.

முதல்ல கொஞ்சம் பழங்கதை. 1848 வரைக்கும் மான்டோன் மொனாக்கோ இளவரசருக்குச் சொந்தம். எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும்தான் ஊர்ப் பொழைப்பு. வரி தாங்காமல் பக்கத்து ஊரான ரோக்புரூனோடு சேர்ந்துகொண்டு "இனி நாங்க சுதந்திர நகரம்" என்று அறிவித்துவிட்டார்கள். 1861-ல் இளவரசர் மூன்றாம் சார்ல், 40 லட்சம் ஃபிராங்க் வாங்கிக்கொண்டு இரண்டு ஊர்களையும் பிரான்சுக்கே விட்டுக்கொடுத்தார். நாட்டுல பெரும்பகுதி நிலம் போச்சு. அப்புறம் மொனாக்கோ சூதாட்ட விடுதியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டதும், மான்டி கார்லோ வந்ததும் எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான்.

இதற்கு இரண்டு வருடம் முன்னால், 1859-ல், ஜேம்ஸ் ஹென்றி பென்னெட் என்ற லண்டன் டாக்டர் இங்கே வந்து சேர்ந்தார். அவருக்கே காசநோய். பிழைப்போம் என்ற நம்பிக்கையெல்லாம் இல்லை, கடைசி நாட்களை அமைதியா எங்கயாவது கழிக்கலாம்னு வந்த மனுஷன். ஆனா உடம்பு தேறிடுச்சு! அதன் பிறகு குளிர்காலம் வந்தால் மான்டோனில் வைத்தியம், கோடையில் இங்கிலாந்து என்று முப்பது வருடத்துக்கும் மேல் வாழ்ந்து 1891-ல்தான் இறந்தார். மான்டோனின் தட்பவெப்பத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் பல பதிப்புகள் கண்டது. இன்னிக்கு பாஷையில சொன்னா செம மார்க்கெட்டிங்.

அவர் நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஊருக்குப் பின்னாலேயே மலை சுவர் மாதிரி எழும்பி நிற்கிறது. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றைத் தடுத்துவிடுகிறது. எலுமிச்சை உறைபனி தாங்காத மரம். அது திறந்தவெளித் தோட்டத்தில் காய்க்கிற ஊர் என்றால் குளிர் எவ்வளவு குறைச்சல் என்று புரிந்துகொள்ளலாம். 1869-ல் ரயிலும் வந்தது. ஓட்டல்கள் முளைத்தன. 1882 மார்ச்சில் விக்டோரியா மகாராணியே வந்து தங்கினார்.

அதே மார்ச் மாதம், 24-ம் தேதி, பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று அறிவித்தார். பரம்பரை, உடம்பு வாகு என்று நினைத்துக்கொண்டிருந்தது திடீரென்று தொற்றுநோய் ஆகிவிட்டது. பக்கத்து அறையில் இருமுகிறவர் அதுவரை பரிதாபத்துக்குரியவர், இனிமேல் ஆபத்தானவர். அடுத்தடுத்த வருடங்களில் ரிவியேராவின் ஓட்டல்கள் காசநோயாளிகளைச் சேர்க்கத் தயங்க ஆரம்பித்தன. ஊரை வளர்த்துவிட்டதே அவங்கதான். எனக்கு இந்த இடத்துல கொஞ்சம் கோபமே வந்தது. ஆனா ஓட்டல் நடத்துறவன் நிலைமையில இருந்து பார்த்தா என்ன சொல்றதுன்னும் தெரியலை.

போன அக்டோபர்ல, சோஃபியா அன்டிபோலிஸ்ல ஆணி புடுங்க கம்பெனி அனுப்பியிருந்தப்ப, ஒரு சனிக்கிழமை கிளம்பிப் போனேன். கடற்கரையில் நாலைந்து வயசானவங்க நீச்சல் அடிச்சுக்கிட்டிருந்தாங்க, அவ்வளவுதான் கூட்டம். பழைய ஊர் மஞ்சளும் காவியுமா மலையில ஒட்டிக்கிட்டு இருக்கு. செயின்ட் மிஷேல் தேவாலயத்தைத் தாண்டிப் படி ஏறிக்கிட்டே போனா உச்சியில, ஒரு காலத்துல கோட்டை இருந்த இடத்துல, கல்லறைத் தோட்டம். ஊரிலேயே அழகான கடல் காட்சி செத்தவங்களுக்குத்தான்.

ரக்பி ரசிகர்கள் தேடி வருவது வில்லியம் வெப் எல்லிஸ் கல்லறையை. பள்ளிக்கூடத்தில் கால்பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி ரக்பியைக் 'கண்டுபிடித்தவர்' என்று சொல்லப்படுபவர் (கதைதான், ஆதாரம் பத்தாது). 1872-ல் இங்கே இறந்தார். கல்லறை எங்கே என்று 1958-ல்தான் கண்டுபிடித்தார்கள். நான் அதைவிட அதிக நேரம் நின்றது பேர் தெரியாதவர்களின் கற்களுக்கு முன்னால். ஆங்கிலம், ஜெர்மன், ரஷ்யன் எழுத்துகள். வயதைக் கழித்துப் பார்த்தால் இருபத்திரண்டு, இருபத்தாறு, பத்தொன்பது. என்னைவிடச் சின்னவங்க. ஓவியர் ஆப்ரி பியர்ட்ஸ்லி 1898-ல் இந்த ஊரில் செத்தபோது வயது 25. அவர் இருப்பது இன்னும் மேலே உள்ள திராபுகே கல்லறையில். அங்கேயே, முதல் உலகப்போரில் இந்த ஓட்டல்கள் ஆஸ்பத்திரியாக மாறியபோது இறந்த, ஆப்பிரிக்கக் காலனிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சிப்பாய்களும் இருக்கிறார்கள்.

பிழைத்துப் போனவர்களும் உண்டு. ஸ்டீவன்சன் 1873 நவம்பரில், டாக்டர் அனுப்பி வந்தார். 'புதையல் தீவு' எழுதுவதற்குப் பல வருடம் முன்பு. கேத்தரின் மேன்ஸ்ஃபீல்ட் 1920 இலையுதிர்காலத்தில் கரவான் பகுதியில் 'இஸோலா பெல்லா' வீட்டில் தங்கி, தன்னுடைய நல்ல கதைகளில் சிலவற்றை எழுதினார். மான்டோன் காற்று அவரைக் காப்பாற்றவில்லை. 1923 ஜனவரியில், 34 வயதில், பாரிஸுக்குப் பக்கத்தில் இறந்தார்.

நல்ல காற்றுதான் மருந்து என்ற இந்த நம்பிக்கை நம்ம ஊருக்கும் வந்தது. தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன்ல தினமும் எலெக்ட்ரிக் ட்ரெயின் நிக்குதே, அந்தப் பேரே 1928-ல் டாக்டர் சௌரி முத்து அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்ததுதான். இங்கிலாந்தில் அவர் நடத்திய சானடோரியத்தில் கணிதமேதை ராமானுஜன் 1917-ல் நோயாளியாக இருந்திருக்கிறார். அந்த நம்பிக்கைக்குப் பெரிய அடி விழுந்ததும் சென்னையில்தான். மருந்துகள் வந்த பிறகு, சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பகுதி நோயாளிகள் சானடோரியத்தில், மற்றவர்கள் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே. இரண்டு பேருக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். சானடோரியத்தில் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு எல்லாம் உண்டு. 1959-ல் முடிவு வெளியானது. குணமாவதில் பெரிய வித்தியாசமே இல்லை. கடலும் வேண்டாம், மலையும் வேண்டாம், மாத்திரையை ஒழுங்கா முழுங்கினா போதும்.

கொசுறு: நீஸிலிருந்து மான்டோனுக்கு ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. கடல் பக்கம் ஜன்னல் சீட் பிடிங்க. கல்லறைக்குப் படிகள் ஜாஸ்தி, தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டுப் போங்க. எலுமிச்சைத் திருவிழா பார்க்கணும்னா பிப்ரவரி. ஆனா நான் சொல்றது, அக்டோபர்.