'கீழ' என்கிற சொல்: எல்லைப்புறத்து உடல் பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

குதத்துக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவில் கிடக்கிற பகுதியை மருத்துவப் புத்தகம் பெரினியம் என்கிறது. தமிழில் கவட்டி, தொடையிடுக்கு என்று சுற்றிவளைத்துச் சொல்லலாமே தவிர, ஒரு பெண் ஆஸ்பத்திரியில் கூச்சமில்லாமல் சொல்லுகிறாப்போல ஒரு சொல் புழக்கத்தில் இல்லை. ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைப்புறத்தில் இதைத் துலக்கமாகக் கேட்கலாம். பிரசவ வார்டில் தமிழ்க்காரி 'கீழ வலிக்குது' என்பாள். தெலுங்குக்காரிக்கு 'கிந்த', கன்னடக்காரிக்கு 'கெளகே', ஜார்க்கண்டிலிருந்து மின்னணு ஆலை வேலைக்கு வந்தவளுக்கு 'நீச்சே'. நாலு மொழியும் ஒரே திசையைக் காட்டுகின்றன, பேரை யாரும் சொல்வதில்லை. பேர் தெரிந்தது டாக்டருக்கு மட்டும், அதுவும் இங்கிலீஷில்.

இந்த மௌனம் என்றைக்கும் இருந்ததா? இல்லை. சங்கப் பாட்டில் அல்குல் என்ற சொல் தாராளமாகப் புழங்கியது. அது இடுப்பா, பிறப்புறுப்பா என்பது இன்றைக்கும் தீராத வழக்கு. பின்னால் கேசாதிபாத, பாதாதிகேச வருணனைகள் பெண் உடம்பை உச்சியிலிருந்து பாதம் வரைக்கும் பாகம் பாகமாக எண்ணிப் பாடின. ஆனால் அது வெளியே நின்று பார்க்கிற ஆணின் கண். யோகப் பிரதிகளோ இதே இடத்தை மூலாதாரம் என்று கொண்டாடின. குண்டலினி உறங்குகிற இடமாம். அங்கே பேசப்படுவது பெரும்பாலும் ஆண் துறவியின் உடம்பு. அதே இடத்து நோய்க்கும் 'மூலம்' என்றே பேர் வைத்தவர்கள் நாம்தான். ஆக, ரசிகனுக்கு ஒரு சொல்லும் யோகிக்கு ஒரு சொல்லும் கிடைத்தன. பிள்ளை பெறுகிறவளுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

அவளுடைய வலியைக் கையால் அறிந்தவள் ஒருத்தி இருந்தாள், மருத்துவச்சி. பல ஊர்களில் நாவிதர் சாதிப் பெண், சில இடங்களில் தலித் பெண். இரத்தத்தையும் நச்சுக்கொடியையும் தொட்ட கை என்பதால் அந்தக் கைக்குத் தீட்டு. தீட்டுப்பட்ட கையிலிருந்த அறிவு ஏட்டில் ஏறவில்லை. உடம்பைப் பற்றிய மௌனத்துக்கும் சாதிக்கும் உள்ள உறவு இங்கேயிருந்து தொடங்குகிறது.

2

இந்த உடம்பு தமிழில் அச்சேறிய கதை யாழ்ப்பாணத்தில் நடந்தது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் வந்து, மானிப்பாயில் வைத்தியசாலையும் மருத்துவப் பள்ளியும் நடத்தினார். மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முடியும் என்று பிடிவாதமாக நம்பியவர். மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு மொழிபெயர்த்தார். மான்செல் எழுதிய பிரசவ நூல் 1857இல் 'பிரசவ வைத்தியம்' ஆனது. கிரேயின் உடற்கூற்று நூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று வந்தது. இங்கிலீஷ் மூலம் லண்டனில் வெளியானது 1858இல். பதினாலே வருஷத்தில் தமிழ். அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ் மருத்துவர்கள் கிறீனிடம் படித்து வெளியே வந்தார்கள். அவர் 1873இல் அமெரிக்கா திரும்பி 1884இல் இறந்தார்.

அங்காதிபாதம் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கேசாதிபாதத்தின் சாயல் அதில் ஒலிக்கிறது. காமத்தின் வரிசையில் எண்ணப்பட்ட உடம்பு அறுவைக்கத்தியின் வரிசையில் எண்ணப்படுகிறது. இது வெறும் சொல்மாற்றம் அல்ல, பார்வையின் உரிமை கைமாறியது. பூக்கோ மருத்துவப் பார்வை என்று பேசியது இதைத்தான். ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கிறீனின் புத்தகத்தை ஒரு தமிழ் மாணவன் தன் மொழியில் படித்து, தன் மொழியில் நோயாளியிடம் திருப்பிச் சொல்ல வாய்ப்பிருந்தது. அந்த வழி தூர்ந்துபோனது. கிருஷ்ணகிரியில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அங்கேயும் எம்.பி.பி.எஸ். படிப்பு இங்கிலீஷில்தான். அறுக்கிற பிணங்களுக்காக 1951ஆம் வருஷத்து உடற்கூறுச் சட்டம் இருக்கிறது. உரிமை கோர ஆளில்லாத பிணங்களை அது கல்லூரிக்குத் தருகிறது. உரிமை கோர ஆளில்லாதவர்கள் யாராக இருப்பார்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

இதே காலத்தின் இன்னொரு முகமும் உண்டு. 1868இல் வந்த தொற்றுநோய்ச் சட்டம், கண்டோன்மென்ட் ஊர்களில் வெள்ளைச் சிப்பாய்க்கு நோய் வரக்கூடாதென்று பெண்களைப் பதிவு செய்து, கட்டாயமாகப் பரிசோதித்து, லாக் ஆஸ்பத்திரியில் அடைத்தது. சிப்பாயைச் சோதிக்கவில்லை. 1888இல் சட்டம் போனது. சம்மதம் கேட்காமல் காலை விரிக்கச் சொல்லுகிற பழக்கமும் அதோடு போய்விட்டதா?

3

உடற்கூறு சொல்வதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். முன்னால் பூப்பெலும்பு, பின்னால் வாலெலும்பு, இரண்டு பக்கமும் உட்காரும்போது அழுந்துகிற எலும்பு முனைகள். இந்த நாலையும் இணைத்தால் ஒரு சாய்சதுரம். பக்கத்து முனைகளுக்குக் குறுக்கே கோடு போட்டால் இரண்டு முக்கோணம். முன்முக்கோணத்தில் சிறுநீர், இனவிருத்தி உறுப்புகள், பின்முக்கோணத்தில் குதம். நடுவில் தசைகள் பல வந்து முடிச்சுப் போடுகிற ஒரு கட்டி, இடுப்புத் தளத்துக்கு அதுதான் ஆணி. பின்முக்கோணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறக்குறைய ஒன்றே. வித்தியாசமெல்லாம் முன்முக்கோணத்தில்.

அந்த வித்தியாசமும் ஆதியிலேயே வந்ததல்ல. கரு ஏழெட்டு வாரம் வரை வெளியுறுப்பில் ஆண், பெண் பேதம் தெரியாது. பிறகு அதே மடிப்புகள் ஒன்றில் ஒட்டிக்கொள்கின்றன, மற்றதில் பிரிந்தே இருக்கின்றன. ஆணின் விதைப்பையிலிருந்து குதம் வரை ஓடுகிற மெல்லிய தையல்கோடு அந்த ஒட்டலின் தழும்பு. ஆக, ஆண் என்பவன் தைக்கப்பட்டவன். இதை ஆண்பெருமை பேசுகிறவர்கள் யோசிப்பதில்லை.

தாமஸ் லாக்கர் 1990இல் எழுதிய நூலில், ஐரோப்பா பதினெட்டாம் நூற்றாண்டு வரை பெண்ணுறுப்பை உள்ளே திருப்பிய ஆணுறுப்பாகவே பார்த்தது என்றார். அவர் காலவரிசையை மறுத்த வரலாற்றாசிரியர்கள் உண்டு. ஆனாலும் உடற்கூறு படம் வரைகிறபோதே சமூகத்தையும் வரைகிறது என்பதை மறுப்பது கஷ்டம். இந்தப் பகுதிக்கு உணர்வு கொடுக்கிற நரம்பின் லத்தீன் பேரே வெட்கப்படு என்ற வினையிலிருந்து வந்தது. பெண்ணின் வெளியுறுப்புக்கு வைத்திருந்த அதே வேர்ச்சொல்லை 2019ஆம் வருஷத்துச் சர்வதேச உடற்கூற்றுச் சொற்பட்டியல் நீக்கிவிட்டது. நரம்பு மட்டும் இன்னும் வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் பிறக்கிற குழந்தையை என்ன செய்வது? கத்தி எடுத்து ஒரு பக்கமாக ஒதுக்கிவிடுவது என்பதே வழக்கமாக இருந்தது. 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஒரு திருநங்கையின் திருமணப் பதிவு வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, இடைப்பால் குழந்தைகளுக்குச் செய்கிற இந்த அறுவையைத் தடுக்கச் சொன்னது. அதே வருஷம் ஆகஸ்டில் தமிழக அரசு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றபடி கூடாது என்று ஆணை போட்டது. இந்தியாவில் இதற்கு முன்னோடி இல்லை. பெற்றோரின் சம்மதம் குழந்தையின் சம்மதம் ஆகாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

4

குழந்தைக்குச் சொன்ன நியாயம் தாய்க்குப் பொருந்தாதா? பிரசவத்தில் அந்த இடத்தைக் கத்தரிக்கிற முறையை டப்ளின் மருத்துவர் ஃபீல்டிங் ஓல்டு 1742இல் எழுதிவைத்தார். அது ஆபத்துக்கு மட்டும். 1920இல் சிகாகோவின் ஜோசப் டிலீ, முன்னெச்சரிக்கையாகவே ஆயுதம் போடு, முன்னெச்சரிக்கையாகவே வெட்டு என்றார். பிரசவமே ஒரு நோய் என்பது அவர் வாதம். அந்த வாதம் உலகெங்கும் பாடமாகி, தலைச்சன் பிரசவம் என்றாலே வெட்டுதான் என்ற வழக்கமாகி, நம்ம ஊர் ஆஸ்பத்திரிக்கும் வந்தது.

வெட்டினால் கிழிசல் குறையும் என்றார்கள். 1993இல் அர்ஜென்டினாவில் 2606 பெண்களை வைத்து நடந்த ஆய்வில், வழக்கமாக வெட்டிய பிரிவில் சுமார் 83 சதவீதம் பேருக்கும், தேவைப்பட்டால் மட்டும் என்ற பிரிவில் சுமார் 30 சதவீதம் பேருக்கும் வெட்டு விழுந்தது. கடுமையான கிழிசல் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமம். 2018இல் உலக சுகாதார நிறுவனம், இயல்பான பிரசவத்தில் வழக்கமாக வெட்டுவதைப் பரிந்துரைக்கவில்லை என்று தெளிவாகவே சொன்னது.

நம் மொழி என்ன செய்கிறது? 'சுகப்பிரசவம்' என்கிறது. அஞ்சு தையல் போட்டிருக்கும், உட்கார முடியாது, ஒண்ணுக்குப் போனால் எரியும், ஆனாலும் சுகம். 'கீழ தையல் போட்டாங்க' என்பாள். யார் கேட்டார்கள், எதற்கு வெட்டினார்கள் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. சிசிலியா வான் ஹாலன் 1990களில் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளில் ஆய்வு செய்து 2003இல் வெளியிட்ட நூல், இங்கே நவீனப் பிரசவம் வறுமையோடும் அவமதிப்போடும் பின்னிக்கிடப்பதைக் காட்டியது. அதே சமயம் பெண்கள் ஆஸ்பத்திரியை விரும்பித்தான் போனார்கள் என்பதையும் மறைக்கவில்லை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் அநேகமாக எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். சிசேரியன் மட்டும் 44.9 சதவீதம். தாய்ச்சாவு குறைந்ததற்கு ஆஸ்பத்திரி ஒரு காரணம் என்பதை மறுப்பவன் முட்டாள். ஆனால் உயிரைக் காப்பாற்றுகிற இடம் என்பதற்காகக் கேட்காமல் வெட்டுகிற உரிமை வந்துவிடாது.

5

1970களில் சிப்காட் வந்ததிலிருந்து ஓசூர் உடம்புகளை வேலைக்கு எடுக்கிற ஊர். முதலில் ஆண்கள், பிறகு கடிகார ஆலையிலும் இப்போது மின்னணு ஆலைகளிலும் ஆயிரக்கணக்கில் இளம்பெண்கள். விரலின் நுட்பத்துக்குச் சம்பளம் உண்டு. இடுப்புக்குக் கீழே இருப்பதை ஆலை சட்டத்தின் கணக்கில் மட்டும் அறியும். 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் 19ஆம் பிரிவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்றது, 44ஆம் பிரிவில் நின்று வேலை செய்கிறவருக்கு உட்கார இடம் வேண்டும் என்றது. கடைகளில் உட்காரும் உரிமை தமிழ்நாட்டில் 2021இல்தான் சட்டமானது. ஆணின் சிறுநீர்க்குழாய் சுமார் இருபது சென்டிமீட்டர், பெண்ணுக்கு நாலு. கிருமி ஏறுவதற்கு நாலு சென்டிமீட்டர் சுலபமான தூரம். ஷிப்டு முடிகிற வரைக்கும் தண்ணி குடிக்காமல், ஒண்ணுக்குப் போகாமல் அடக்குகிறவளுக்கு வருகிற எரிச்சலுக்கும் அவள் சொல்லுகிற சொல் 'கீழ'தான். பிரசவத்தில் தளர்ந்த தளத்தோடு வேலைக்குத் திரும்புகிறவள் கர்ப்பப்பை இறக்கத்தைப் பற்றி யாரிடம் எந்தச் சொல்லால் சொல்லுவாள்?

சொல் கிடைத்தால் எல்லாம் கிடைத்துவிடும் என்று வாதிடவில்லை. கிறீன் சொல் கொடுத்தார், மருத்துவச்சியின் தீட்டு போகவில்லை. ஆனால் சொல் இல்லாமல் கேள்வி கேட்க முடியாது, சம்மதமும் சொல்ல முடியாது, மறுக்கவும் முடியாது. இந்த எல்லைப்புறத்துப் பிரசவ வார்டுகளில் அந்த உறுப்பின் படம் சுவரில் தொங்க வேண்டும், நாலு மொழியில் பேர் எழுதி. 'இங்கே வெட்ட வேண்டியிருக்கு, இன்ன காரணம், சரியாம்மா?' என்று அவளுடைய பாஷையில் கேட்க வேண்டும். ஆலைச் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் கழிப்பறை இடைவேளை கடைசி வரியில் கிடக்கக்கூடாது. இதைப் பேச வெட்கப்படுகிற தோழர்கள், வெட்கத்தை உடற்கூற்றிலிருந்தே எடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.