கலர் டிவிக்குள் ஒலியும் நிறமும் போட்ட சண்டை

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபோது எல்லாமே கறுப்பு வெள்ளைதான். ஏழு வருடம் கழித்து, 1982இல் அதே நாளில், செங்கோட்டையில் இந்திரா காந்தி ஆற்றிய உரை கலரில் ஒளிபரப்பானது. நிறத்தைப் புதிதாக எங்கே நுழைப்பது என்பதில்தான் சிக்கல்.

அன்றைய சேனலின் அகலம் 7 மெகாஹெர்ட்ஸ். படத்தின் அலையிலிருந்து 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி ஒலி. வீடுகளில் ஏற்கெனவே இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் இதற்கென்றே செய்யப்பட்டவை. எனவே ஒலியை நகர்த்த முடியாது. நிறம் 4.43இல், படத்தின் இடத்துக்குள்ளேயே ஒண்டிக்கொண்டது. ஒலியும் நிறமும் பெட்டிக்குள் கலந்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 1.07 மெகாஹெர்ட்ஸில் மூன்றாவது சிக்னல் ஒன்று பிறக்கும். திரையில் அது மெல்லிய வலைபோலப் படரும்.

அமெரிக்கா இதே தலைவலியை 1953இலேயே சந்தித்தது. அங்கே வலை கண்ணில் படாமலிருக்க, நொடிக்கு 60 என்றிருந்த படவேகத்தையே 59.94 ஆக மாற்றினார்கள். விளைவு? 60 என்று எண்ணிக் கணக்கிட்டால் மணிக்கு 3.6 நொடி பிசகும். வீடியோ எடிட்டர்கள் இன்றும் அதோடு மல்லுக்கட்டுகிறார்கள்!

இந்தியா எடுத்துக்கொண்டது ஜெர்மனியின் வால்டர் புரூக் உருவாக்கிய பால் முறை. இதில் படவேகம் 50 என்று அப்படியே இருந்தது. பாரம் முழுக்கப் பெட்டி செய்பவர்களின் தலையில் விழுந்தது. சென்னையின் டயனோரா, சாலிடேர் உட்பட.

கறுப்பு வெள்ளைப் பெட்டியில் படமும் ஒலியும் ஒரே டிடெக்டர் வழியாகவே போகும். கலர் பெட்டியில் ஒலியை முன்கூட்டியே பிரித்துத் தனி டிடெக்டருக்கு அனுப்பினார்கள். மிச்சமிருக்கும் ஒலியைப் பிடித்து அழுத்த 33.4 மெகாஹெர்ட்ஸில் ஒரு பொறிச் சுற்று. அதற்கு 1.07 தள்ளி, 34.47இல் நிறம் உட்கார்ந்திருக்கும். பொறி அகலமாக வெட்டினால் நிறம் வெளுக்கும். லேசாக வெட்டினால் வலை தெரியும். காயிலின் உள்ளே இருக்கும் திருகை மயிரிழை அளவு திருப்பித்தான் இதைச் சரிசெய்ய வேண்டும்.

அப்படிச் சரிசெய்தாலும், வீட்டில் யாராவது ஃபைன் டியூனிங் குமிழைத் திருகிவிட்டால் ஒலி பொறியிலிருந்து நழுவிவிடும். பாட்டுக்குத் தகுந்தபடி திரையில் பட்டைகள் ஆடும். இதைத் தடுக்கத் தானாகவே டியூனிங்கைப் பிடித்துவைக்கும் சுற்று வந்தது. பின்னர் பல காயில்களின் வேலையைச் சா ஃபில்டர் என்ற ஒரே சின்ன உதிரிபாகம் எடுத்துக்கொண்டது. அதில் திருகுவதற்கு எதுவுமே இல்லை.