அரசாங்கமே கைவிட்ட ஊர்: 'கல்கி 2898 ஏடி' படமும் 1941 பினாங்கும்

2024-இல் வெளிவந்த 'கல்கி 2898 ஏடி' படத்தை நம் மாணவர்கள் பலர் பார்த்திருப்பார்கள். நாக் அஸ்வின் இயக்கிய தெலுங்குப் படம், தமிழிலும் வந்தது. அழிவுக்குப் பின் மிஞ்சிய கடைசி நகரம் காசி. தண்ணீரும் பசுமையும் வானில் தொங்கும் 'காம்ப்ளெக்ஸ்' கோட்டைக்குள். கீழே பஞ்சம். ஷம்பாலாவில் ஒளிந்து வாழ்பவர்கள், மீட்க ஒருவன் பிறப்பான் என்று காத்திருக்கிறார்கள்.

பிரமாண்டத்தை ரசிக்கலாம், தப்பில்லை. ஆனால் வரலாற்று மாணவர் ஒன்று கேட்க வேண்டும்: அரசாங்கமே இல்லாத ஊரில் சாதாரண மக்கள் என்ன செய்வாங்க?

இதற்குப் பதில் நம்ம ஊரிலேயே இருக்கு. 1941 டிசம்பர் 11-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன்மீது குண்டு வீசின. தெருவில் நின்று விமானங்களை வேடிக்கை பார்த்தவர்கள் பலர் மாண்டார்கள். அடுத்த நாட்களிலும் தாக்குதல் தொடர்ந்தது. டிசம்பர் 16 இரவு, பிரிட்டிஷ் அதிகாரிகள் மற்ற ஐரோப்பியர்களோடு சத்தமில்லாமல் படகேறிப் போய்விட்டார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லாரும் இங்கேயே விடப்பட்டார்கள்.

அப்போது முன்வந்தவர்களில் ஒருவர் மாணிக்கசோதி சரவணமுத்து. இலங்கைத் தமிழர், 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியர். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி, வெள்ளைக்கொடி ஏற்றினார். பல இனத்தவரும் சேர்ந்த பினாங்கு சேவைக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். ஊரில் படை எதுவும் இல்லை, குண்டு வீச வேண்டாம் என்று வானொலி வழியே ஜப்பானியருக்கு அறிவித்தார். கொள்ளையைக் கட்டுப்படுத்தவும் உணவு கிடைக்கச் செய்யவும் குழு பாடுபட்டது.

டிசம்பர் 19-இல் ஜப்பானியர் நுழைந்தார்கள். ஆக்கிரமிப்பைக் குழுவால் தடுக்க முடியவில்லை. பின்னர் சரவணமுத்துவையே ஜப்பானியர் சிறையில் அடைத்தார்கள். ஆனாலும் அந்தச் சில நாட்கள் ஊரைத் தாங்கியவர்கள் ஊர்க்காரர்களே. படத்தில் மீட்பனுக்காகக் காத்திருக்க முடிகிறது; இங்கே காத்திருக்க நேரமே இல்லை.

படிவம் 4 மாணவர்கள் கவனிக்க: ஜப்பானியர் ஆட்சிப் பாடத்தில் பிரிட்டிஷ் தோல்வியின் விளைவை எழுதும்போது, இந்தச் சம்பவத்தைச் சான்றாகக் காட்டலாம். "நாங்கள்தான் உங்கள் பாதுகாவலர்" என்ற பிரிட்டிஷ் பெருமை அந்த இரவில் உடைந்தது. போருக்குப் பின் சுதந்திர உணர்வு வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆசிரியர்கள் வகுப்பில் கேட்கலாம்:
1. காம்ப்ளெக்ஸுக்கும் காலனி ஆட்சிக்கும் என்ன ஒற்றுமை?
2. கொடியை இறக்கியது சரணடைதலா, பொறுப்பேற்றலா? காரணத்தோடு எழுதுக.