விருந்துக்கு எந்தச் சாடி?

சென்ற பொங்கலுக்கு முந்தின நாள், அயல் நாட்டில் உத்தியோகம் பார்க்கும் என் பால்ய நண்பர் ஒருவர் புதுக்கோட்டைக்கு வந்து சேர்ந்தார். காரிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக, கழுத்து நீண்ட புட்டி ஒன்றை என் மேஜை மீது வைத்தார். உயர்ந்த ரகத் திராட்சை மதுவாம்!

“நாளை உம் வீட்டு விருந்தில் இதை எந்தப் பதார்த்தத்தோடு பரிமாறலாம்? வடையோடு சேருமா, சர்க்கரைப் பொங்கலோடு சேருமா? பழைய ஏடுகளைப் புரட்டுகிறவர் ஆயிற்றே நீர், சொல்லும்!” என்றார்.

அடுப்பங்கரையில் கரண்டிச் சத்தம் திடீரென்று உரத்தது. அதன் பொருள் எனக்குத் தெரியும். ஆகவே புட்டியைத் தொடாமல், கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

“இந்த ஊர்ப் பக்கம் இது புதிய கேள்வி அல்லவே! கறுக்காக்குறிச்சியைக் கேள்விப்பட்டிருக்கிறீரா?” என்று ஆரம்பித்தேன்.

பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்த அந்தக் கிராமத்தில், 1898-ம் ஆண்டில் ஒரு புதையல் அகப்பட்டது. மொத்தம் 501 உரோமப் பொற்காசுகள். அகஸ்டஸ் காலம் முதல் வெஸ்பேசியன் காலம் வரையில் அடிக்கப்பட்டவை. வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலான காசுகளில் சக்கரவர்த்தியின் முகத்தின் மீது உளியால் ஒரு வெட்டு! ‘உன் முகம் எனக்கு எதற்கு? பொன் இருந்தால் போதும்’ என்று வெட்டினவன் நினைத்தானோ, என்னவோ!

அந்தப் பொன் வந்த கப்பல்களில்தான் மதுவும் வந்தது. ‘எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ்’ என்று ஒரு கிரேக்க நூல் இருக்கிறது. முதல் நூற்றாண்டு வியாபாரிகளின் வழிகாட்டி. பரோச் துறைமுகத்துக்கு என்ன மது கொண்டுபோகலாம் என்பதை அது கணக்காகச் சொல்கிறது. இத்தாலி மதுவுக்குத்தான் அங்கே முதலிடம். சிரியாவின் லவோதிக்கேயா மதுவும் அரேபிய மதுவும் பிறகுதான். நம் முசிறிக்கோ, காசு ஏராளமாக வேண்டும். மது கொஞ்சம் போதும் என்கிறது! நம்மவர்கள் அப்போதே கணக்கில் கெட்டிக்காரர்கள்.

கிழக்குக் கரையிலும் அந்த மது இறங்கியிருக்கிறது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, இரண்டு கைப்பிடி வைத்த மதுச் சாடிகளின் ஓடுகள் நிறையக் கிடைத்தன. அவற்றில் பல, கிரேக்கர்களின் கோஸ் தீவுச் சாடியின் வார்ப்பு என்று பிற்கால ஆராய்ச்சி கண்டது. கோஸ் மதுவின் விசேஷம் என்ன தெரியுமோ? அதில் கடல் நீரைக் கலப்பார்கள்!

“உப்புக் கரிக்குமே!” என்று நண்பர் முகத்தைச் சுளித்தார்.

கரித்தால் என்ன? பாண்டியன் நன்மாறன் யவனர் தந்த தேறலைப் பொற்கிண்ணத்தில் அருந்தி இனிது வாழட்டும் என்று நக்கீரர் புறநானூற்றில் வாழ்த்துகிறார். ஆனால் அது அரசன் கையில் இருந்த கிண்ணம் என்பதை மறந்துவிடக் கூடாது. ஊராருக்கு வேறு சாடி.

எந்த உணவுக்கு எந்த மது என்பதிலும் அந்த ஊரார் நமக்குச் சளைத்தவர்கள் அல்ல. பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடிசைக்குப் போய்ப் பாருங்கள். அரிசியைக் களியாகக் கிண்டி, வாயகன்ற தட்டில் ஆற்றி, முளைநெல் மாவைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் ஊறவைத்துப் பிழிந்த நறும்பிழி. அதற்குத் துணை, சுட்ட மீன். மலைபடுகடாத்திலோ, மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன் மது. அந்த மயக்கம் மறுநாள் விடியற்காலையில் தெளிவதற்கு வேறொரு கள்! கரிகாலன் வீட்டு விருந்தில், பொற்கிண்ணம் ஓயாமல் நிறைந்த பிறகு கொழுத்த ஆட்டிறைச்சி வந்தது. இரவும் பகலும் தின்று, கொல்லையை உழுத கொழுவைப் போலப் பல் மழுங்கிவிட்டதாம் பொருநனுக்கு.

“நம் புதுக்கோட்டைக்கு என்ன?” என்றார் நண்பர், விடாமல்.

அறந்தாங்கிப் பக்கத்துக் கடற்கரை நாடுதான் பழைய மிழலை என்பார்கள். வேள் எவ்வியின் நாடு. அங்கே பரதவர் கள்ளை உண்டு குரவை ஆடுவதை மாங்குடி கிழார் பாடுகிறார். கூடவே இன்னொரு பானமும் சொல்கிறார்: நுங்கின் நீர், கரும்பின் சாறு, தென்னையின் இளநீர். மூன்றையும் ஒன்றாகக் கலந்து குடித்துவிட்டுக் கடலில் பாய்வார்களாம்!

ஆனால் நண்பரே, புலவர்கள் கடைசியில் எதை நினைத்து அழுதார்கள் தெரியுமா? யவனர் சாடியை அல்ல. அதியமான் இறந்தபோது ஔவையார் சொன்னது இதுதான்: கொஞ்சம் கள் இருந்தால் அவன் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறைய இருந்தால் எங்களோடு சேர்ந்து குடிப்பான். பொன்னமராவதிக்கு அப்பால் பிரான்மலை தெரிகிறதே, அதுதான் பறம்பு. பாரி மாண்டபின் அவன் மகளிரோடு அந்த மலையை விட்டுப் புறப்பட்ட கபிலரும், வந்தவர்க்கெல்லாம் சாடி திறந்த நாட்களை எண்ணித்தான் கண்ணீர் விட்டார். மதுவின் ரகம் அவர்கள் நினைவில் இல்லை. யாருக்கு முதலில் வார்த்தான் என்பதுதான் நினைவில் இருந்தது.

நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து வாசலுக்குப் போனார். அவரை அழைத்து வந்த கார் டிரைவர், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அது அதுவரையில் எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் பந்தியில் டிரைவருக்குத்தான் முதல் இலை. புட்டி திறக்கப்படாமலே திரும்பிப் போயிற்று. தை மாதத்தில் நுங்குக்கு எங்கே போவது? ஆகவே கரும்புச் சாறும் இளநீரும் மட்டும் கலந்து எல்லோருக்கும் கொடுத்தோம். மிழலையின் மூன்று நீரில் ஒன்று குறைந்ததுதான். ஆனாலும் இரண்டாம் முறை கேட்காதவர் யாருமில்லை.